மூன்று வாட் போதும்!
ஊரையே கூப்பிட்ட குழாய் சொல்லும் ரகசியம்

தென்னை மரத்தின் உச்சியில் ஓர் ஆள் ஏறுகிறான். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் பெரிய ஊமத்தம்பூப் போன்ற தகரக் குழாய்.

கீழே சிறுவர் கூட்டம்.

குழாயைக் கட்டி முடித்ததும், "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்று ஒரு குரல். அடுத்த நிமிஷம் பாட்டு!

அவ்வளவுதான். கல்யாணமா, காதுகுத்தா, அம்மன் கோவிலில் காப்புக் கட்டா என்று சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் தெரிந்துகொள்ளும்.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில், தாத்தா பாட்டிகளைக் கேட்டால் இந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்துவார்கள். பூந்தோட்டமும் தென்னந்தோப்பும் நிறைந்த பூமி. குழாய் கட்ட மரத்துக்கா பஞ்சம்? (அந்தத் தென்னைகளில் பல, 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் சாய்ந்து விட்டன.)

ஊரையே கூப்பிட்ட அந்த மைக் செட்டின் பலம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஆயிரம் வாட்டா? ஐயாயிரம் வாட்டா?

இல்லை. அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிபயர்கள் பல, சில பத்து வாட்டுகள்தான்!

இன்று ஒரு சின்னப் பெட்டியின் மேல் "5000 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அது பக்கத்துத் தெருவுக்குக்கூட ஒழுங்காகக் கேட்பதில்லை.

இது என்ன விந்தை? இதைத் தெரிந்து கொண்டால் உங்கள் பணம் மிச்சமாகும். காதும் பிழைக்கும்.

நாதஸ்வரமும் குழாயும்

நாதஸ்வரத்தின் சீவாளியைத் தனியாகக் கழற்றி ஊதிப் பாருங்கள். "கீச்" என்று கத்தும். பக்கத்து அறைக்குக் கேட்டால் அதிகம்.

அதே சீவாளியை நாதஸ்வரத்தில் செருகி ஊதினால்? கோவில் மதிலைத் தாண்டி ஒலிக்கும்!

ஊதியவர் அதே ஆள். மூச்சும் அதே மூச்சு. ஆனால், குறுகத் தொடங்கி விரிந்துகொண்டே போகும் உலவும், அதன் நுனியில் மலர்ந்த அணசும் அந்த மூச்சை வீணாக்காமல் வெளியே கொண்டு போகின்றன.

தண்ணீரில் விரலை விரித்து வைத்துக் கையை வீசினால் படகு நகராது. துடுப்பைப் போட்டால் நகரும். ஏன்? விரல் இடுக்கில் தண்ணீர் நழுவி விடுகிறது. துடுப்பு நழுவ விடுவதில்லை. அது போலத்தான் குழாயும். ஸ்பீக்கரின் சின்னத் தகடு அசையும்போது காற்றை நழுவ விடாமல் பிடித்துத் தள்ளுகிறது.

இந்தக் குழாய் ஸ்பீக்கர் பிறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் 1915-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூட்டத்தின் முன் இதை முழங்கச் செய்தார்கள். 1919-ல் சான்டியாகோ நகரில் ஜனாதிபதி உட்ரோ வில்சன், 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் இப்படிப்பட்ட கருவியின் உதவியால் பேசினார்.

நம் நாட்டில் 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு "சிகாகோ ரேடியோ" நிறுவனம் ஒலிபெருக்கி அமைத்தது. பெயர்தான் சிகாகோ. நடத்தியது மோட்வானே என்ற சிந்தி குடும்பம். 1940-ல் தொடங்கிய "அகுஜா"வின் பெயர், மைக் செட் வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

நூற்றில் ஒன்றுகூட இல்லை!

வீட்டில் வைக்கும் சாதாரணச் சின்ன ஸ்பீக்கருக்கு 100 வாட் மின்சாரம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் எவ்வளவு ஒலியாக வெளியே வரும்?

ஒரு வாட்கூட வராது! மிச்சம் எல்லாம் உள்ளேயே வெப்பமாகிப் போய்விடுகிறது.

குழாய் ஸ்பீக்கர் அப்படி ஊதாரி அல்ல. வாங்கியதில் கணிசமான பங்கை ஒலியாகவே திருப்பிக் கொடுக்கும் சிக்கனக்காரன். இப்படிக் கொஞ்சம் வாங்கி நிறையக் கொடுக்கும் ஸ்பீக்கரைத்தான் "திறன் மிக்க ஸ்பீக்கர்" என்கிறார்கள்.

எந்த ஸ்பீக்கர் ஊதாரி, எது சிக்கனக்காரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ, கூட வரும் காகிதத்திலோ ஓர் எண் இருக்கும். "87 டெசிபல்", "98 டெசிபல்" என்று போட்டிருப்பார்கள். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் என்பதே அந்த எண்ணின் பொருள்.

87-க்கும் 98-க்கும் 11 தானே வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது!

சதுரங்கக் கட்டத்துக் கணக்கு

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்ட புலவனின் கதை உங்களுக்குத் தெரியும். கடைசியில் ராஜாவின் களஞ்சியமே போதவில்லை.

டெசிபல் கணக்கும் அதே கணக்குத்தான். மூன்று டெசிபல் ஏற வேண்டுமானால் வாட் இரண்டு மடங்காக வேண்டும்.

85 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 100 டெசிபல் சத்தம் வேண்டும்.

1 வாட் கொடுத்தால் 85. 2 வாட் கொடுத்தால் 88. 4 வாட்டுக்கு 91. 8 வாட்டுக்கு 94. 16 வாட்டுக்கு 97. 32 வாட் கொடுத்தால்தான் 100!

பக்கத்தில் ஒரு 100 டெசிபல் ஸ்பீக்கர் இருக்கிறது. அதற்கு எவ்வளவு வேண்டும்?

ஒரே ஒரு வாட்!

அப்படியானால், 3 வாட் ஆம்ப்ளிபயரை 100 டெசிபல் ஸ்பீக்கரில் மாட்டுவதும், 96 வாட் ஆம்ப்ளிபயரை 85 டெசிபல் ஸ்பீக்கரில் மாட்டுவதும் சத்தத்தில் ஒன்றுதான்.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க 75 முதல் 80 டெசிபல் தாராளம். 100 டெசிபல் ஸ்பீக்கரில் 80 டெசிபல் ஒலிக்கு எத்தனை வாட் செலவாகும் தெரியுமா?

ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு!

திடீரென்று தவில்காரர் ஓங்கி அடிப்பார். அந்த ஒரு நொடிக்கு ஒரு வாட், இரண்டு வாட் தேவைப்படும். அதற்கும் சேர்த்துத்தான் மூன்று வாட் போதும் என்கிறோம்.

ஆகவே, திறன் மிக்க ஸ்பீக்கர் வைத்திருப்பவர், "எத்தனை வாட்?" என்று பார்க்க வேண்டியதில்லை. "அந்த முதல் வாட் எப்படி இருக்கிறது?" என்றுதான் பார்க்க வேண்டும்.

மடையும் வால்வும்

ஏன் வால்வு ஆம்ப்ளிபயர்? அது என்ன செய்கிறது?

வாய்க்காலில் மடைப்பலகை இருக்கிறது. ஒரு சிறுவன்கூட அதைத் தூக்கலாம், இறக்கலாம். ஆனால் அந்தப் பலகைக்குக் கட்டுப்பட்டு ஓடுவது பெரிய வெள்ளம். கை கொஞ்சம் அசைந்தால் வெள்ளம் அதிகம் அசைகிறது.

வால்வும் ஒரு மடைதான். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கம்பி சூடாகிச் சிவக்கிறது. அங்கிருந்து மின் துகள்கள் எதிரே உள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவே ஒரு சல்லடை. அதுதான் மடைப்பலகை. பாட்டின் மெல்லிய மின்சாரம் சல்லடையை ஆட்டுகிறது. வெள்ளம் அதே தாளத்தில் ஆடுகிறது.

அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் 1906-ல் சல்லடை யோசனைக்கு வழி வகுத்தார். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது வந்த பின் வால்வுகள் மெல்ல மெல்ல வீட்டை விட்டுப் போயின.

கூடத்து மாடத்தில் இருந்த பிலிப்ஸ், மர்பி ரேடியோக்கள் நினைவிருக்கிறதா? திருகினால் உடனே பாடாது. அரை நிமிஷம் சூடாகும். உள்ளே மஞ்சள் வெளிச்சம் தெரியும். பிறகுதான் இலங்கை வானொலி மெதுவாக எழும்பி வரும். அதெல்லாம் வால்வுதான்.

வால்வு முழுப் பலத்தோடு கத்தும்போது கொஞ்சம் குரல் பிசிறும். ஆனால் மெல்லப் பாடும்போது நல்ல வால்வு ஆம்ப்ளிபயர் இனிமையாகப் பாடும். திறன் மிக்க ஸ்பீக்கர் அதை மெல்லத்தான் பாடச் சொல்கிறது. பொருத்தம் அங்கே விழுகிறது.

1930-களின் சினிமாக் கொட்டகைகளும் இந்தப் பொருத்தத்தில்தான் நடந்தன. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி, சிறிய தியேட்டர்களுக்கு 8 வாட் அளவிலேயே ஆம்ப்ளிபயர் கொடுத்தது. பெரிய குழாய் ஸ்பீக்கர் அதை வாங்கிக் கொட்டகை முழுவதும் பரப்பியது.

ஒன்றா, இரண்டா?

வால்வு ஆம்ப்ளிபயரில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, ஒற்றை வால்வு வகை. ஒரு காதுக்கு ஒரே பெரிய வால்வு. அது ஒருவனே அரிவாளால் மரத்தைச் சீவுவது போல. பலம் குறைவு. 2ஏ3 என்ற வால்வு மூன்றரை வாட் தரும். 300பி என்பது 8 வாட். இ.எல்.84 ஒற்றையாக 5 வாட்.

மற்றது, இரட்டை வால்வு வகை. இருவர் எதிரெதிரே நின்று ரம்பம் இழுப்பது போல. ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க. பலம் அதிகம். இ.எல்.84 இரண்டு சேர்ந்தால் 12 வாட்டுக்கு மேல். இ.எல்.34 இரண்டு சேர்ந்தால் 30 வாட்டுக்கு மேல்.

எது யாருக்கு?

உங்கள் ஸ்பீக்கர் 96 டெசிபலோ, அதற்கு மேலோ என்றால் ஒற்றை வால்வு போதும். 90 முதல் 95 வரை என்றால் இ.எல்.84 இரட்டை நல்லது. 89-க்குக் கீழே என்றால் மூன்று வாட் ஆசையை விட்டுவிடுங்கள். 30 வாட்டுக்குக் குறையாத இரட்டை வகையைப் பாருங்கள், அல்லது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரே வாங்குங்கள்.

300பி என்ற வால்வுக்கு உலகமெங்கும் மவுசு. 1938-ல் வந்தது. அதை முதலில் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பெயரில் அமெரிக்காவின் ராஸ்வில் ஊரில் இப்போது மீண்டும் செய்கிறார்கள். அந்த ஒரு ஜோடியின் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்!

மாட்டை விற்று வால்வு வாங்க வேண்டாம். ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இ.எல்.84 போன்ற வால்வுகளை இன்றும் செய்கிறார்கள். விலை எளிது. ஒருகாலத்தில் நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளையும் பழைய சாமான் வியாபாரிகளிடம் தேடி வாங்குவோர் உண்டு.

கடையில் நக்கீரராக நில்லுங்கள்!

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோவிலில் 81 அடி உயரச் சிவன் சிலை இருக்கிறது. அதன் எதிரே நக்கீரர் சிலையும் இருக்கிறது. எதிரே நிற்பவர் எவ்வளவு பெரியவர் என்று பாராமல், குற்றத்தைக் குற்றம் என்று சொன்னவர் அந்தப் புலவர்.

1965-ல் வந்த "திருவிளையாடல்" படத்தில் ஏ.பி.நாகராஜன் நக்கீரராகவும், சிவாஜி கணேசன் சிவனாகவும் வாதாடியதை எத்தனை திருவிழாவில் இதே குழாய்கள் முழங்கியிருக்கின்றன!

ஆம்ப்ளிபயர் வாங்கப் போகும்போது நீங்களும் நக்கீரராக வேண்டும்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, ஆயிரம் வாட்!" என்பார் கடைக்காரர்.

"பி.எம்.பி.ஓ.வா, ஆர்.எம்.எஸ்.ஸா தம்பி?" என்று கேளுங்கள்.

பி.எம்.பி.ஓ. என்பது கண நேரக் கணக்கு. நடைமுறைக்கு உதவாது. ஆர்.எம்.எஸ். என்பதுதான் விடாமல் கொடுக்கும் பலம். அதைச் சொல்லத் தயங்கினால், அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்து ஐந்து சோதனைகள்.

ஒன்று: பாட்டு எதுவும் போடாமல் ஆம்ப்ளிபயரை மட்டும் ஓட விடுங்கள். உங்கள் ஸ்பீக்கரோடுதான் ஓட விட வேண்டும். காதை ஸ்பீக்கர் அருகே கொண்டு போங்கள். "ம்ம்ம்" என்று வண்டு முரலுகிறதா? சாதாரண ஸ்பீக்கரில் கேட்காத முரலல், திறன் மிக்க ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்கும். பாட்டைப் பெருக்குகிறவன் முரலலையும் பெருக்கத்தானே செய்வான்! நீங்கள் உட்காரும் இடத்தில் முரலல் கேட்டால் வாங்காதீர்கள். இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

இரண்டு: ஆம்ப்ளிபயரைத் தூக்கிப் பாருங்கள். கனக்க வேண்டும். வால்விலிருந்து வருவது அழுத்தம் அதிகமான, அளவு குறைந்த மின்சாரம். ஸ்பீக்கருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். சைக்கிளின் பல்சக்கரம் போல நடுவில் நின்று மாற்றித் தருவது ஒரு டிரான்ஸ்பார்மர். இரும்பும் செம்பும் சுற்றியது. இதில் கஞ்சத்தனம் செய்திருந்தால் தவிலின் தொப்பியும் கேட்காது, ஜால்ராவின் கிணுகிணுப்பும் கேட்காது.

மூன்று: ஸ்பீக்கரில் "8 ஓம்" என்று இருந்தால், ஆம்ப்ளிபயரிலும் 8 ஓம் என்று எழுதிய முனையிலே மாட்டுங்கள். பழைய மைக் செட் ஆம்ப்ளிபயரில் "100 வோல்ட்" என்று ஒரு முனை இருக்கும். அது தூரத்துக் குழாய்களுக்கு லைன் இழுப்பதற்கு. வீட்டு ஸ்பீக்கரை அதில் மாட்டினால் ஸ்பீக்கர் கெடும்.

நான்கு: ஒற்றை வால்வு ஆம்ப்ளிபயரில் அடித்தொனியைக் கேளுங்கள். சில ஸ்பீக்கர்களில் அது "தொம்" என்று அடங்காமல் "தொம்ம்ம்" என்று இழுக்கும். அந்த ஜோடிக்குப் பொருத்தம் இல்லை என்று பொருள். இருவருமே நல்லவர்கள், ஜாதகம் சேரவில்லை!

ஐந்து: தெரிந்த குரலைப் போட்டுக் கேளுங்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமியோ, சீர்காழி கோவிந்தராஜனோ, நீங்கள் ஆயிரம் முறை கேட்டவராக இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மிகக் குறைத்த பிறகும் சொல் தெளிவாக இருக்கிறதா? மூச்சு வாங்குவது தெரிகிறதா? இருந்தால், அதுதான் நல்ல முதல் வாட்.

உயிரோடு விளையாடாதீர்கள்!

பரணில் தாத்தாவின் மைக் செட் கிடக்கிறது. எடுத்துத் தூசு தட்டி ஓட விடலாமா?

அவசரப்படாதீர்கள்!

வால்வு ஆம்ப்ளிபயரின் உள்ளே 250 முதல் 450 வோல்ட் வரை மின்சாரம் இருக்கும். வீட்டு மின்சாரத்தைவிட அதிகம். கரண்டை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கண்டென்சரில் அது தேங்கி நிற்கும். பிளக்தான் பிடுங்கியாயிற்றே என்று கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பல வருஷம் கிடந்த கண்டென்சர்களை மாற்றிய பிறகே ஓட விட வேண்டும்.

சூடான வால்வைக் குழந்தைகள் தொட்டால் கை வெந்துவிடும். வலைக்கூண்டு போட்டு மூடுங்கள்.

ஸ்பீக்கரை மாட்டாமல் ஒருபோதும் வால்வு ஆம்ப்ளிபயரில் பாட்டுப் போடாதீர்கள். டிரான்ஸ்பார்மர் கருகிவிடலாம்.

கிராமத்துக் கரண்ட் ஏறும், இறங்கும். வால்வின் சூட்டுக் கம்பிக்கு அது ஆகாது. நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். அப்படிக் காப்பாற்றினால் பெரிய வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டால் ஐந்து வருஷம்கூட வரலாம்.

மரத்துக் குழாயை வீட்டில் வைக்கலாமா?

"அதே தகரக் குழாயைக் கூடத்தில் மாட்டினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

வேண்டாம். அது தூரத்துக்குப் பேச்சைக் கொண்டு போகப் பிறந்தது. அடித்தொனி அதில் வராது. கூடத்தில் வைத்தால் காதைக் கிழிக்கும். வீட்டுக்கு என்றே அகன்ற காகிதக் கூம்போடும், மரப் பெட்டிக் குழாயோடும் செய்த ஸ்பீக்கர்கள் உண்டு. அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1946-ல் கொண்டு வந்த ஸ்பீக்கர், வீட்டு மூலையின் இரு சுவர்களையே குழாயின் கடைசிப் பகுதியாக்கிக் கொண்டது. ஒரு வாட்டுக்கு 100 டெசிபலுக்கு மேல் தரும் அந்த வகை இன்றும் விற்பனையாகிறது. ஆனால், அகலமான மூலை இருக்கிற வீட்டுக்குத்தான் அது!

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது.

இந்தச் சட்டம் யாரோ ஒருவருடைய தொல்லைக்காக மட்டும் வந்ததல்ல. 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் தினமும் கேட்டால் காது மெல்ல மெல்லச் செவிடாகும். போன கேள்வி திரும்பாது. திறன் மிக்க ஸ்பீக்கர் வைத்திருப்பவர் கையில் இருப்பது கூரிய கத்தி. திருகைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் குதிக்கும். கைக்குழந்தையும் வயதானவரும் உள்ள வீட்டில் மறக்கவே கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை.

கடன் வாங்கிப் பெரிய வாட் வாங்காதீர்கள். இருக்கிற காசில் முதலில் நல்ல ஸ்பீக்கரை வாங்குங்கள். அதன் எண்ணைப் பாருங்கள். அதற்கேற்ற சின்ன ஆம்ப்ளிபயரைத் தேடுங்கள்.

தென்னை மரத்துக் குழாய் ஊரையே கூப்பிட்டது வாட்டின் பலத்தால் அல்ல. கிடைத்த வாட்டை வீணாக்காததால்!

அந்தச் சிக்கனம் வீட்டுக்கு வந்தால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவும் ஓசை அடங்கியதும், திருகை ஒரு மயிரிழை திருப்பினால் போதும். பாடுகிறவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து பாடுவார். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும்.